கால் வீங்கினால் முதலில் தராசு: உடம்பில் நீர் தேங்குவதை வீட்டில் கவனிக்கும் ஒழுங்கு

அம்மாவின் இதயம் பலவீனம் என்று தெரிந்து ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து அவவின் எடையையும் குளிசைகளையும் ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன். அது ஊருக்குத் தெரிந்த பிறகு, மட்டக்களப்பின் கல்லடியிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வரும் சொந்தக்காரர் எங்கள் திண்ணையில் இருந்து கால் நீட்டிக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. நான் டொக்டர் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் பாமசியில் "சலம் போற குளிசை" கேட்டு வாங்குவார்கள். பிறகு தண்ணியை நிறுத்துவார்கள், பார்லி அவிப்பார்கள், கடைசியில் கிளினிக்குக்குப் போவார்கள். நான் கீழே எழுதியிருக்கும் ஒழுங்கு ஏறக்குறைய இதற்குத் தலைகீழ். மருந்தின் அளவு எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்கள் கிளினிக் கொப்பியில் இருக்க வேண்டியது.

1. தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

குளியலறைத் தராசு ஒன்று. டிஜிட்டல் என்றால் நல்லது, ஏனென்றால் அரைக் கிலோ வித்தியாசம் முள்ளுத் தராசில் தெளிவாகத் தெரியாது. ஒரு கொப்பியும் பேனையும், தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா, ஒன்றரை லிட்டர் வெற்றுப் போத்தல். இவற்றோடு, நோயாளி எடுக்கும் குளிசைகள், பொட்டலங்கள், எண்ணெய்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். சமையலறைத் தட்டில் கிடக்கும் நோக்குளிசையும் அதற்குள் வர வேண்டும். ஏன் என்று 5ஆம் படியில் சொல்கிறேன்.

2. இன்றைக்கே போக வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். மூச்சு எடுக்க முடியாமல் எழும்பி இருப்பது, நெஞ்சு நோ, இளஞ்சிவப்பு நுரையோடு இருமல், புதிதாக மனம் தடுமாறுவது, சலம் ஏறக்குறைய நின்றுபோவது: இதில் ஒன்று இருந்தாலும் தராசைத் தேட வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். அதற்குக் காசு கட்டத் தேவையில்லை.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச்சதை நொந்தால் அது நீர்த்தேக்கம் இல்லாமல் இரத்தக்கட்டியாக இருக்கலாம். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம் மடங்கி இருந்து வந்தவர்களுக்கும், சத்திரசிகிச்சை முடிந்து படுத்திருந்தவர்களுக்கும் இந்தச் சந்தேகம் கூட வர வேண்டும். இங்கே எங்கள் ஆட்கள் செய்யும் மிகப் பெரிய பிழை, எண்ணெய் போட்டு உருவுவது. கட்டி இடம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. ஒரு கால் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்று. அதற்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான்.

கர்ப்பிணிகளின் கணக்கு வேறு. பின்மாதங்களில் கால் கொஞ்சம் வீங்குவது சாதாரணம். ஆனால் 20 கிழமைக்குப் பிறகு முகமும் கையும் ஊதி, தலையிடி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே வயிற்று நோ என்று வந்தால் இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். அடுத்த கிளினிக் திகதி வரை பார்த்திருக்கக் கூடாது.

3. விரலால் அழுத்திப் பாருங்கள்

முன்னங்கால் எலும்பின் மேல், கணுக்காலுக்குச் சற்று மேலே, பெருவிரலால் பத்துச் செக்கன் அழுத்துங்கள். எடுத்த பிறகு குழி நின்றால் தோலுக்கடியில் நீர் இருக்கிறது. சதையில் அழுத்தினால் தெரியாது. பின்னுக்கு எலும்பு இருக்கும் இடத்தில்தான் குழி விழும். அவசரத்தில் ஒரு செக்கன் தொட்டுப் பார்த்து "ஒண்டுமில்லை" என்று சொல்வதும் நடக்கிறது.

குழி எதுவரை ஏறுகிறது என்று எழுதுங்கள்: கணுக்கால், பாதிக்கால், முழங்கால். படுக்கையிலேயே இருப்பவருக்குக் காலைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணி பள்ளத்துக்குப் போவதுபோல் வீக்கமும் தாழ்ந்த இடத்துக்கு இறங்கும். அவருக்கு அது இடுப்புக்குப் பின்னால் இருக்கும்.

வீக்கம் எங்கே, எந்த நேரத்தில் என்பது டொக்டருக்குப் பெரிய உதவி. பின்னேரத்தில் கால் கூடி, விடிய வற்றினால் ஒரு கதை. காலையில் எழும்பும்போதே கண்ணிமை ஊதி, சலம் நுரைத்தால் சிறுநீரகத்தின் பக்கம் பார்க்க வேண்டும். கால் மெலிந்திருக்க வயிறு மட்டும் பெருத்தால் ஈரலை நினைப்பார்கள். அழுத்தினால் குழி விழாத தடிப்பு தைரொயிட்டாலும் வரும். நிணநீர் அடைபட்டு நாளானாலும் அப்படி ஆகும். இதை வைத்து நீங்களே நோயைத் தீர்மானிக்க வேண்டாம், கொப்பியில் எழுதினால் போதும்.

4. நாளாந்தம் எடை: இந்த ஒரு படியைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் குருட்டுக்கணக்கு

ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. கொழுப்பு ஒரே இரவில் ஒரு கிலோ ஏறாது, தண்ணி ஏறும். பெரியவர் ஒருவருக்குக் காலில் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் இரண்டு மூன்று லிட்டர் உடம்பில் சேர்ந்திருக்கும். அதனால் காலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எப்போதும் சில நாள் பிந்தியே இருக்கிறார். தராசு முந்திச் சொல்லும்.

ஒழுங்கு இதுதான்: காலையில் எழும்பி, சலம் போய், தேத்தண்ணிக்கு முன், அதே மாதிரி உடுப்போடு. தராசு சீமெந்துத் தரையில், ஒரே மூலையில் இருக்க வேண்டும். பாயிலோ கார்ப்பெட்டிலோ வைத்தால் இலக்கம் பொய் சொல்லும். கிளினிக் தராசின் இலக்கத்தையும் வீட்டு இலக்கத்தையும் கலந்து எழுதாதீர்கள். அங்கே செருப்போடும் பையோடும் ஏறியிருப்பீர்கள்.

ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, ஒரு கிழமையில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ டொக்டரிடம் சொல்ல வேண்டும். இதய பலவீனக்காரருக்கு வழமையாகச் சொல்லும் அளவு அது. உங்கள் டொக்டர் வேறு இலக்கம் சொன்னால் அதையே பிடியுங்கள். கூடவே, வீக்கமும் இல்லாமல் மூச்சும் வாங்காமல் இருக்கும்போது உள்ள எடை எவ்வளவு என்று கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். அம்மாவுக்கு அது 51.5. அந்த இலக்கம் இல்லாமல் இன்றைய 53 கூடவா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

எடைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன இலக்கம் எழுதுவேன்: நேற்றிரவு எத்தனை தலையணை. ஒன்றோடு படுத்தவர் மூன்று கேட்டால், கால் வற்றியிருந்தாலும் நுரையீரலில் நீர் ஏறுகிறது. எங்கள் வீட்டிலேயே இதை "முட்டு" (இழுப்பு) என்று நினைத்து இரண்டு இரவு ஆவி பிடித்தோம். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த இரண்டு நாளில் எடை 2 கிலோ ஏறியிருந்தது. எழுதி வைத்திருந்தோம், யாரும் வாசிக்கவில்லை.

தராசு வாங்க வசதி இல்லையா? அளவு நாடாவால் கணுக்காலைச் சுற்றி, ஒரே மச்சத்துக்கு நேரே, தினமும் காலையில் அளக்கலாம். தராசளவு வராது, சும்மா பார்ப்பதை விட நல்லது.

5. குளிசைப் பையை விரித்துப் பாருங்கள்

புது நோய் தேடுவதற்கு முன் புது மருந்தைத் தேட வேண்டும். பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் இரண்டு கணுக்காலையும் வீங்க வைக்கும். அளவு கூடினால் வீக்கமும் கூடும். அங்கே உடம்பில் தண்ணி மிகுந்து வருவதில்லை, நுண்ணிய குழாய்களிலிருந்து நீர் கசிகிறது. அதனால் சலம் போற குளிசை அதற்குப் பெரிதாகக் கேட்காது. எத்தனையோ பேர் ஒரு குளிசையால் வந்த வீக்கத்துக்கு இன்னொரு குளிசை போட்டு, தலைசுற்றி விழுகிறார்கள். அம்லோடிபினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பிரஷர் ஏறிவிடும். "இதைத் தொடங்கிய பிறகுதான் வீங்கியது" என்று திகதியோடு சொன்னால் டொக்டர் மாற்றித் தருவார்.

அடுத்தது நோக்குளிசை. டைக்ளோபெனக், ஐபுபுரோபென் வகை உப்பையும் நீரையும் உடம்பில் தங்க வைக்கும், சிறுநீரகத்தையும் நோகடிக்கும். இதய பலவீனக்காரர் முழங்கால் நோவுக்கு இதை மூன்று நாள் போட்டால் எடை ஏறுவதைத் தராசில் பார்க்கலாம். பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொயிட்டுகளும் பியோகிளிற்றசோன் என்ற சீனிக் குளிசையும் இதே பட்டியலில் வரும். மூட்டுநோவுக்குப் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் தூளையும் மறைக்காமல் காட்டுங்கள். உள்ளே ஸ்டீரொயிட் கலந்திருப்பதுண்டு.

தண்ணியில் போட்டால் பொங்கும் பரசிட்டமோல் உங்களிடம் இருந்தால் சாதாரணக் குளிசைக்கு மாறுங்கள். பொங்க வைப்பதற்குச் சேர்க்கும் சோடியம் ஒரு குளிசையில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் வரும். உப்பைக் குறைத்துவிட்டு இதை நாளுக்கு ஆறு போட்டவரைக் கண்டிருக்கிறேன்.

6. காரணம் தெரியாமல் வைத்தியம் தொடங்க வேண்டாம்

வீக்கம் ஒரு அடையாளம், நோய் வேறெங்கோ இருக்கும். இதயம், சிறுநீரகம், ஈரல், தைரொயிட், கடும் இரத்தச்சோகை, கால் நாளம் தளர்வது என்று காரணம் பல. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை, அம்பாறை ஆஸ்பத்திரிகளிலோ சலப் பரிசோதனை, கிரியட்டினின், அல்புமின், ஈரல் பரிசோதனை, ஈசீஜீ என்று தொடங்குவார்கள். தேவைப்பட்டால் எக்கோ என்ற இதய ஸ்கானும் எடுப்பார்கள். சலத்தில் புரதம் போகிறதா என்ற மலிவான பரிசோதனையைத்தான் ஆட்கள் கூடத் தவறவிடுகிறார்கள், "சாம்பிள் கொண்டு வர மறந்திட்டன்" என்று.

போகும்போது கொப்பியும் குளிசைப் பையும் போதும். கிளினிக் வரிசையில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். "கொஞ்ச நாளா வீங்குது" என்று சொன்னால் அந்த நேரம் கேள்வியிலேயே போய்விடும். "பத்து நாளில் 3 கிலோ, குழி முழங்கால் வரை, இரவில் மூன்று தலையணை" என்றால் டொக்டர் நிமிர்ந்து பார்ப்பார்.

7. தண்ணிக்கு முன் உப்பு

இந்த ஒழுங்கு முக்கியம். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைனில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. உடம்பும் ஏறத்தாழ அதே அளவில்தான் உப்பையும் நீரையும் சேர்த்து வைக்கிறது. வெளியேற்ற முடியாத 9 கிராம் உப்பு உள்ளே நின்றால் ஒரு லிட்டர் தண்ணியும் அதோடு நிற்கும். உப்பை விட்டுத் தண்ணியை மட்டும் குறைத்தால் தாகம் பொறுக்க முடியாமல் இரவில் எழும்பிக் குடிப்பார்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே. அது தட்டையாக ஒரு தேக்கரண்டி. வீட்டுக் கணக்கைச் சுலபமாகப் பிடிக்க ஒரு வழி: உப்புப் பக்கெற் உடைக்கும் திகதியை அதிலேயே எழுதுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராமுக்கு மேல் போனால், கருவாட்டையும் கடைச்சாப்பாட்டையும் சேர்க்காமலே அளவு தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் முதன்முதல் எண்ணியபோது ஒரு கிலோவுக்கு மேல்.

மறைந்திருக்கும் உப்பு எங்கே என்று பாருங்கள். கருவாடு, மாசிச் சம்பல், அப்பளம், தேசிக்காய் ஊறுகாய், மார்மைட், சூப் கட்டி, சோயா சோஸ், கிறீம் கிறக்கர், பாண். கருவாட்டை ஊறப் போட்டால் கொஞ்சம் இறங்கும், முழுக்கப் போகாது. வாழைச்சேனைக் கருவாட்டை விட்டுவிடச் சொன்னபோது அம்மா இரண்டு நாள் கதைக்கவில்லை. சோற்றில் நாம் உப்புப் போடுவதில்லை, ஆனால் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் மாக்குழைக்கும் தண்ணியில் போடுகிறோம். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதை நிறுத்தினால் கறியோடு சாப்பிடும்போது வித்தியாசமே தெரியாது. தண்ணியில் கரைத்துக் குடிக்கும் ஜீவனியும் உப்புத்தான். வயிற்றோட்டத்துக்கு உயிர் காக்கும், களைப்புக்குத் தினமும் குடிப்பதற்கில்லை.

நோயாளிக்குத் தனிச்சட்டி வைக்காதீர்கள். ஒரு கிழமையில் சமைப்பவர் களைத்துவிடுவார், சாப்பிடுபவரும் மற்றவர் கோப்பையைப் பார்ப்பார். முழுக்கறியையும் உப்புக் குறைத்துச் சமைத்து, வேண்டியவர் மேலே போட்டுக்கொள்ளட்டும். தேசிப்புளி, கொறுக்காய், உள்ளி, மிளகு, இஞ்சி, கறிவேப்பிலை கூட்டினால் சமாளிக்கலாம். நாக்குப் பழகச் சில கிழமை செல்லும். உப்பில்லாச் சோற்றுக்கு எருமைத்தயிர் நல்ல துணை.

ஒரு பொறி இருக்கிறது. "குறைந்த சோடியம்" என்று விற்கும் மாற்று உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயாளிக்கும், இதயத்துக்கும் பிரஷருக்கும் கொடுக்கும் ஸ்பைரனோலக்டோன், எனலபிரில், லொசார்ட்டன் எடுப்பவருக்கும் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே குழம்பும். இளநீர் நாளுக்கு மூன்று குடிப்பதும் இவர்களுக்கு அதே ஆபத்து.

8. தண்ணி அளப்பது, சொன்னால் மட்டும்

எல்லா வீக்கத்துக்கும் தண்ணியைக் குறைக்கத் தேவையில்லை. கடுமையான இதய பலவீனத்துக்கு நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்று டொக்டர் சொல்லலாம். சொல்லாமல் நீங்களாகக் குறைத்தால், கச்சான் என்ற வறண்ட சூட்டுக்காற்று அடிக்கும் மாதங்களில் நோயாளி காய்ந்து, சிறுநீரகம் இன்னும் கெடும். நிறையக் குடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும் என்ற மறுபக்க நம்பிக்கையும் பிழை.

அளவு சொல்லியிருந்தால் ஒன்றரை லிட்டர்ப் போத்தலைக் காலையில் நிரப்பி வையுங்கள். தேத்தண்ணி, கஞ்சி, சொதி, பால், ஐஸ் எது உள்ளே போனாலும் அதே அளவை இந்தப் போத்தலிலிருந்து ஊற்றி விடுங்கள். போத்தல் முடிந்தால் நாள் முடிந்தது. குளிசை விழுங்கும் தண்ணியைத்தான் யாரும் கணக்கெடுப்பதில்லை. ஆறு தரம் கால் கிளாஸ் குடித்தால் அதுவே ஒன்றரைக் கிளாஸ். தாகத்துக்கு வாய் கொப்பளித்துத் துப்பலாம், தேசிக்காய்த் துண்டு ஒன்றை உறிஞ்சலாம்.

9. சலம் போற குளிசை: நேரம்தான் பாதி வைத்தியம்

வழமையாகத் தரும் சலம் போற குளிசையான ஃபுரோசமைட் விழுங்கி ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை தொடங்கும், ஆறு மணித்தியாலம் அளவில் அடங்கும். அதனால் காலையில் எடுக்க வேண்டும். இரண்டாவது வேளை தந்திருந்தால் பின்னேரம் இரண்டு மணிக்குள் முடியுங்கள். இரவில் எடுத்தால் இருட்டில் கக்கூசுக்கு எழும்பி விழுந்து இடுப்பு உடையும்.

பஸ் பயணம், கலியாண வீடு, மாமாங்கத் தீர்த்தம் என்றால் ஆட்கள் அன்றைக்குக் குளிசையையே விட்டுவிடுகிறார்கள். விடாமல் வீடு திரும்பிய பிறகு எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நோன்பு பிடிப்பவர்களும் மாதம் தொடங்க முன்பே நேரத்தை டொக்டரோடு பேசி மாற்ற வேண்டும். நோன்புக்கஞ்சியின் உப்பையும் கணக்கில் சேருங்கள்.

வாந்தி, வயிற்றோட்டம் வந்த நாளில் இந்தக் குளிசையைத் தொடர்ந்தால் பிரஷர் இறங்கி மயக்கம் வரும். அன்று என்ன செய்வது என்பதையும் முதலே கேட்டு எழுதுங்கள். மற்றவரின் மீதிக் குளிசை வேண்டவே வேண்டாம். பெரியம்மாவுக்கு நானே ஒருமுறை அம்மாவின் குளிசையில் இரண்டு கொடுத்தேன். அவவின் வீக்கம் அம்லோடிபினால் வந்தது. மூன்றாம் நாள் கிணற்றடியில் விழுந்தா. இந்தக் கட்டுரையின் 5ஆம் படி அன்றைக்கு நான் படித்தது.

நெருஞ்சில் கசாயம், வாழைத்தண்டுச் சாறு குடிப்பவர் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். காமரங்காவும் பிலிங்காய்ச் சாறும் சிறுநீரக நோயாளிக்கு நஞ்சு. சீனிக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் நல்லது என்று வெறும் வயிற்றில் அடித்துக் குடித்து, இருந்த சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

10. காலைப் பார்த்துக்கொள்வது

பிளாஸ்டிக் கதிரையில் காலைத் தொங்கப் போட்டு நாள்முழுக்க இருப்பதே பாதி வீக்கம். படுத்துக்கொண்டு, கால் நெஞ்சை விட உயர, அரை மணித்தியாலம் நாளுக்கு மூன்று தரம் வைக்கலாம். ஸ்டூலில் நீட்டுவது போதாது. படுத்தால் மூச்சு முட்டுபவர் இதைச் செய்யக் கூடாது, காலில் நின்ற நீர் நெஞ்சுக்குத் திரும்பும். கதிர்காமத்துக்கு நடந்தவர் கால் வீங்குவது ஓய்வில் வற்றும். இருந்தே வீங்கியவருக்கு நடைதான் மருந்து, ஏனென்றால் கெண்டைச்சதை சுருங்கும்போதுதான் நீர் மேலே தள்ளப்படும்.

இறுக்கமான மேசு எல்லோருக்கும் இல்லை. சீனி வருத்தக்காரர், புகைத்தவர், பாத நாடி தெரியாதவர் பரிசோதிக்காமல் போட்டால் இரத்தஓட்டம் நின்று புண் வரும். டொக்டர் சொன்னால், காலையில் வீக்கம் ஏற முன் போட வேண்டும்.

சுடுதண்ணியில் உப்புப் போட்டுக் கால் வைப்பதைச் சீனி வருத்தக்காரருக்குச் செய்யாதீர்கள். விறைத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். வீங்கிய தோல் இழுபட்டு வெடிக்கும். இரவில் தேங்காயெண்ணெய் மெதுவாகப் பூசுங்கள், விரலிடுக்கை மட்டும் உலர்வாக விடுங்கள். வயலுக்கும் குளத்துக்கும் வெறுங்காலோடு இறங்க விடாதீர்கள், சின்ன வெடிப்பே கிருமிக்கு வாசல்.

11. வீக்கம் வற்றிய பிறகு

கால் பழையபடி மெலிந்ததும் தராசு கட்டிலுக்குக் கீழே போய்விடும், குளிசையும் ஒருநாள் விட்டு ஒருநாளாகும். திரும்பவும் ஆஸ்பத்திரியில் படுப்பவர்களில் நான் கண்ட பலர் இப்படித்தான். எடை எழுதுவதை நிறுத்த வேண்டாம். எடை திடீரென்று கீழே போவதும் செய்திதான். முதல் பக்க இலக்கத்தை விட இரண்டு கிலோ குறைந்து, எழும்பும்போது தலை சுற்றினால் குளிசையின் அளவு கூடிவிட்டது என்று கிளினிக்கில் காட்டுங்கள். பல மாதமாகச் சாப்பாடு குறைந்தவருக்குச் சதை வற்றி அந்த இடத்தைத் தண்ணி நிரப்பும், தராசு அசையாது. அதனால் மூன்று மாதத்துக்கொருமுறை முதல் பக்கத்து இலக்கம் இன்னும் சரியா என்று டொக்டரிடம் கேட்டு, பழையதை வெட்டிப் புதியதை எழுதுங்கள். எங்கள் கொப்பியில் 51.5 வெட்டுப்பட்டு, பக்கத்தில் 49 இருக்கிறது.